வாசகர் கேள்வி – பதில்: காங்கேசன்துறைத் தொகுதியின் கணக்குகள்

கேள்வி: 1975 காங்கேசன்துறை இடைத்தேர்தலில் செல்வநாயகம் பெற்ற வாக்குகள் எத்தனை? ஒரு கட்டுரையில் 25 ஆயிரத்துக்கு மேல் என்றும், இன்னொன்றில் 16 ஆயிரம் சொச்சம் என்றும் வாசித்தேன்.
(வாசகர், தெல்லிப்பழை)

‘தந்தை செல்வா’ எனப்படும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் பெற்ற வாக்கு 25,927. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 16,470 வரும். நீங்கள் பார்த்த இரண்டாவது எண் இந்தப் பெரும்பான்மைதான். பழைய பத்திரிகைகள் தலைப்பில் பெரும்பான்மையைத்தான் பெரிதாகப் போடும். அதைப் பெற்ற வாக்கு என்று எடுத்து எழுதிவிடுகிறார்கள். எந்தப் பழைய முடிவை எடுத்தாலும் முதலிருவரின் வாக்குகளைக் கழித்துப் பாருங்கள், பிழை உடனே தெரியும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தப் பொன்னம்பலம், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அல்லர். பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறவர்களால் வந்த வினை.

கேள்வி: 1972இல் துறந்த ஆசனத்துக்கு 1975இலா தேர்தல்? ஏன் இவ்வளவு தாமதம்?
(அதே வாசகர்)

1972 மே 22இல் இலங்கையின் குடியரசு அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதைத் தமிழர்கள் ஏற்கவில்லை என்று காட்டுவதற்காகச் செல்வநாயகம் அக்டோபரில் ஆசனத்தைத் துறந்து, இதே கேள்வியில் தன்னோடு மோதிப்பார்க்கும்படி அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி அரசாங்கம் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது 1975 பெப்ரவரி 6. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொகுதி உறுப்பினர் இல்லாமல் கிடந்தது. தாமதம் அரசாங்கத்துக்கு உதவவில்லை என்பதை மேலே உள்ள எண்களே சொல்லும்.

கேள்வி: தந்தை செல்வா சொந்தத் தொகுதியில் ஒருமுறை தோற்றார் என்கிறார்களே, மெய்யா? மதம்தான் காரணமா?
(வாசகி, மல்லாகம்)

மெய். 1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர், 1952இல் தமிழரசுக் கட்சி வேட்பாளராக ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார்.

நடேசன் புதுமுகம் அல்லர். 1931 அரசாங்க சபைத் (அன்றைய சட்டசபை) தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தபோது காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, யாழ்ப்பாணம் ஆகிய நான்கும் வெறுமையாகக் கிடந்தன. 1934இல் அவற்றுக்கு இடைத்தேர்தல் வந்தபோது காங்கேசன்துறையில் தெரிவானவர் அவர்தான். பரமேஸ்வராக் கல்லூரி அதிபர், சேர் பொன். இராமநாதனின் மருமகன் என்பவை அவருக்குச் சைவ ஊர்களில் பெரிய பலம். செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பதும் மேடையில் பேசப்பட்டது.

ஆனால் மதத்தை மட்டும் காரணமாக்குவது சரிப்படாது. அப்படியானால் 1956இல் அதே கிறிஸ்தவர் அதே சைவ ஊர்களில் எப்படி வென்றார்? 1952இல் தமிழரசுக் கட்சிக்கு வயது இரண்டரை வருடம் (1949 டிசம்பரில் தொடங்கியது). ஐ.தே.க.வோ ஆளுங்கட்சி, தமிழ்க் காங்கிரஸும் அதன் அரசாங்கத்துக்குள் இருந்தது. தமிழரசுக் கட்சி அந்த முறை நாடு முழுவதும் பெற்றவை கோப்பாயும் திருகோணமலையும் மட்டுமே. 1956இல் ஐ.தே.க. தனிச் சிங்களத்துக்கு (சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கைக்கு) மாறியதும் கணக்கு தலைகீழானது; தமிழரசுக் கட்சிக்குப் பத்து ஆசனங்கள். வாக்காளர் மதத்தைவிட மொழியைப் பார்த்தார்கள் என்பதே என் கணிப்பு.

கேள்வி: 1956 வாக்குகளை 1965, 1977 வாக்குகளோடு ஒப்பிட்டு வரைபடம் போடலாமா? பாடசாலை ஒப்படைக்காகக் கேட்கிறேன்.
(மாணவி, சுன்னாகம்)

அப்படியே போடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை ஒன்றல்ல.

சோல்பரி அரசியல் யாப்பின் (1972க்கு முன் இருந்தது) கீழ் மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்று ஆசனங்கள் கணிக்கப்பட்டன. வட மாகாணத்துக்குக் கிடைத்த 9இல் 4 நிலப்பரப்புக்காக வந்தவை. 1959 எல்லை நிர்ணயத்தில் நல்லூர், உடுவில், உடுப்பிட்டி, கிளிநொச்சி புதிதாக வந்தன. அவை 1960 மார்ச் தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது பழைய தொகுதிகள் சுருங்கின. 1977க்கு முன் மறுபடி வெட்டினார்கள்: உடுவில் மறைந்து மானிப்பாய் வந்தது, வடக்கின் தொகுதிகள் 14 ஆயின.

ஆகவே மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்: 1947–56, 1960–75, 1977. ஒவ்வொன்றுக்குள்ளும் மட்டும் வாக்குகளை ஒப்பிடுங்கள். பகுதிகளைத் தாண்டி ஒப்பிடவேண்டுமென்றால் வாக்கை விட்டுவிட்டுச் சதவீதத்தை எடுங்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டவை நீங்கலாக, செல்லுபடியான வாக்குகளில். எல்லை விவரம் எல்லை நிர்ணய ஆணைக்குழு அறிக்கைகளிலும் வர்த்தமானியிலும் இருக்கிறது. அன்றைய செய்திக்கு நூலகம் இணையக் காப்பகத்தில் ஈழநாடு இதழ்களைத் தேடலாம். 1981இல் யாழ். நூலகம் எரிந்ததால் உள்ளூரில் பழைய இதழ்களைத் தேடுவது கடினம்.

கேள்வி: தொகுதி எப்போது ஒழிந்தது? இப்போதும் தேர்தல் இரவில் "காங்கேசன்துறைத் தொகுதி" என்று அறிவிக்கிறார்களே?
(வாசகர், கொழும்பு)

கடைசி உறுப்பினர் அ. அமிர்தலிங்கம். வட்டுக்கோட்டையில் 1970இல் தோற்றவர், செல்வநாயகம் 1977 ஏப்ரலில் காலமானபின் அந்த ஜூலையில் இங்கே நின்று வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்ன ஆறாம் திருத்தச் சட்டத்தை ஏற்காமல் சபைக்குச் செல்லாததால் 1983 அக்டோபரில் ஆசனம் பறிபோனது.

விகிதாசார முறையில் முதற் பாராளுமன்றத் தேர்தல் 1989 பெப்ரவரியில் நடந்தபோது 160 தொகுதிகளின் இடத்தை 22 தேர்தல் மாவட்டங்கள் பிடித்தன. யாழ்ப்பாண, கிளிநொச்சி நிர்வாக மாவட்டங்கள் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். பழைய 11 தொகுதிகளும் அதற்குள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் எஞ்சின. அறிவிப்பில் கேட்பது அந்தப் பிரிவின் எண்ணிக்கை. அங்கே முதலாவதாக வருகிற கட்சிக்கு அதற்காக ஆசனம் எதுவும் கிடையாது. மாவட்டம் முழுவதன் கூட்டுத்தொகையில்தான் பங்கீடு.

அந்தப் பிரிவின் எண்களை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1990 ஜூனில் போரால் வலிகாமம் வடக்கு (காங்கேசன்துறை அடங்கிய பகுதி) மக்கள் இடம்பெயர்ந்தார்கள், நிலம் பல வருடம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தும் ஆள் ஊரில் இல்லை. அந்தக் கால வாக்களிப்பு வீதம் குறைவாக இருப்பதை வைத்து மக்களின் ஆர்வத்தை அளக்க முடியாது.