குதிரையை விற்க வேண்டாம், புல்கட்டைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 63. ஓய்வு பெற்றபிறகு காலையில் என் இரண்டு குதிரைகளைக் கவனிப்பது, அப்புறம் தோட்ட வேலை, இரவில் வரலாற்றுப் புத்தகங்கள் என்று பொழுது போகிறது. பல வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சில மாதங்களாகக் களையெடுத்துவிட்டு எழும்போது முழங்கால் வலிக்கிறது. படிக்கும்போது சில நாள் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. லாயத்தில் வேலை செய்த நாட்களில் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் மாதிரி வந்து வறட்டு இருமலும் சேர்ந்துகொள்கிறது, ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறது. "கீழே விழுந்தா என்ன ஆகும்? குதிரையை வித்துட்டு சும்மா இருங்க" என்கிறாள் என் மகள். எல்லாவற்றையும் விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்: விட வேண்டாம் ஐயா. ஆனால் நீங்கள் முழங்காலை முதலில் எழுதி, சாயங்காலக் காய்ச்சலைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் நீங்கள் விழுந்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறார். எனக்கு அந்தக் காய்ச்சல்தான் உறுத்துகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லாயத்தில் வேலை செய்கிறீர்கள், வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை, சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், ஓரிரு நாளில் தானாகவே போய்விடுகிறது, மறுபடி லாயத்துக்குள் போனால் மறுபடி வருகிறது. சளிக்காய்ச்சல் இப்படி நாள் பார்த்து வராது. சரியாகக் காயாத புல்லைக் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறி, சூட்டில் வளரும் ஒருவகை பாக்டீரியாவும் பூஞ்சைகளும் பெருகும். கட்டைப் பிரித்து உதறும்போது அவற்றின் நுண்தூள் புகை மாதிரிக் கிளம்பும். அது நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை போய்விடும் அளவுக்குச் சன்னமானது. அங்கே உடம்பின் எதிர்ப்பு சக்தி அதோடு மல்லுக்கட்டுவதால் வருகிற அழற்சிதான் இது. பொதுவாக 4 முதல் 8 மணி நேரம் கழித்துத் தொல்லை ஆரம்பிக்கும் என்பதால் காலை வேலையையும் மாலைக் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. விவசாயிகளிடம் அதிகம் பார்த்ததால் 'ஃபார்மர்ஸ் லங்' என்று பெயர். கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நீங்கள் வரலாறு படிப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700இல் தொழில்சார்ந்த நோய்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். தானியம் சலிப்பவர்கள் தூசியால் மூச்சுத்திணறுவது அதில் இருக்கிறது, உட்கார்ந்தே படிக்கும் அறிஞர்களுக்கு வரும் உபாதைகளும் இருக்கின்றன, ஆக உங்களுக்கு அதில் இரண்டு அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்று மறக்காமல் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தான். அப்படியும் பூஞ்சைபிடித்த புல்லால் வரும் இந்த நோய் மருத்துவ இதழில் தெளிவாகப் பதிவானது 1932இல், இங்கிலாந்தில். இன்றைக்கும் தொழிலைக் கேட்கிறோம், பொழுதுபோக்கைக் கேட்பதில்லை. 'ஓய்வு பெற்றவர்' என்று சீட்டில் எழுதிவிட்டால் லாயம் எங்கே தெரியப்போகிறது? அதனால் நீங்களே சொல்லுங்கள்.

நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள், இந்த மாதத்திலேயே. வெறும் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திருப்தியாகத் திரும்பிவிடாதீர்கள், இந்த நோயில் எக்ஸ்ரே சில நேரம் சாதாரணமாகவே இருக்கும். மூச்சுத்திறன் பரிசோதனையும், நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம். ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் உங்கள் சர்க்கரை ஏறும், அதை இரண்டு மருத்துவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்தைவிடவும் முக்கியம் தூசி உள்ளே போகாமல் இருப்பது. ஆரம்பத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் முழுதாகச் சரியாகிவிடும். வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அதற்குப் பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பரிசோதனை முடியும்வரை புல்கட்டு பிரிக்கும் வேலையையும் லாயம் கூட்டும் வேலையையும் வேறு ஒருவரிடம் கொடுங்கள், அவரும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். துணியை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயனில்லை. பூஞ்சை வாசனை அடிக்கிற, உள்ளே கறுத்துப்போன, பிரித்தால் வெள்ளையாகத் தூள் பறக்கிற கட்டைத் தூக்கி எறியுங்கள், நனைத்துக் கொடுத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள். நல்ல புல்லைக்கூடத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் தூசி அடங்கும், ஆனால் நனைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். கூட்டுவதற்குமுன் தரையில் தண்ணீர் தெளியுங்கள், குதிரைகளை வெளியே கட்டிவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அந்தத் தூசி அவற்றுக்கும் ஆகாது. குதிரைக்கும் ஆஸ்துமா வரும், அதற்கும் பெரும்பாலும் காரணம் இதே புல்தூசிதான். உங்கள் குதிரைகளில் ஏதாவது ஒன்று தீனி தின்னும்போது இருமுகிறதா என்று கவனியுங்கள். இருமினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள், அவருக்கும் அது ஒரு துப்பு.

லத்தியைத் தோட்டத்துக்கு உரமாக மக்கவைக்கிறீர்களா? மக்கும் குவியலைக் கிளறும்போதும் இதே கதைதான். ஈரமாக இருக்கும்போது, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மாஸ்க்கோடு கிளற வேண்டும். மூட்டையில் வருகிற தொட்டி மண் கலவையிலும் லெஜியோனெல்லா இனத்துக் கிருமி இருக்கலாம், அது நிமோனியாவைக் கொண்டுவரும். மூட்டையைத் திறந்தவுடன் முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்க்கும் பழக்கம் தோட்டக்காரர்கள் பலருக்கு உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. கிளிமிபிரைடு நல்ல மாத்திரை, ஆனால் நீங்கள் சாப்பிட்டீர்களா, மண்வெட்டி பிடித்தீர்களா என்றெல்லாம் பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். லாயம் சுத்தம் செய்வதும் குழி தோண்டுவதும் வேகமான நடைக்குக் குறையாத உழைப்பு. உழைப்பு முடிந்தபிறகும் பல மணி நேரம் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், ஆக காலையில் தோண்டியதற்குச் சர்க்கரை இரவில் இறங்கலாம். இரவில் படிக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால் புத்தகத்தின்மேல் பழி போடுவதற்குமுன் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வெறும் வயிற்றில் லாயத்துக்குப் போகாதீர்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். கடினமான வேலை செய்கிற நாட்களில் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

எழுத்து மங்குவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர் கூடிக் குறையும், அதனால்தான் ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் தெரிகிறது. இந்த நிலையில் போய்க் கண்ணாடி மாற்றினால் காசுதான் வீண். சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்தபிறகு அளவு பாருங்கள். ஆனால் கண்ணில் மருந்து ஊற்றிப் பாப்பாவை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு அது வருடத்துக்கு ஒருமுறை அவசியம். திடீரென்று கண்ணுக்குமுன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தமாதிரி இருந்தாலோ அன்றே போக வேண்டும். மற்றபடி மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை. கண் சோர்ந்துபோகும், கெடாது. ஆழ்ந்து படிக்கும்போது இமைக்க மறந்துவிடுகிறோம், கண் உலர்ந்து எரிகிறது, அவ்வளவுதான். அவ்வப்போது நிமிர்ந்து தூரத்தில் எதையாவது பாருங்கள்.

பாதத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர், தோட்டத்திலும் லாயத்திலும் நடப்பவர், பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்திருக்க வேண்டும். சின்ன நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை, சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலிக்காது. உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதே தெரியாமல் சீழ் வைக்கும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடப்பது மனசுக்கு இதம்தான், உங்களுக்கு அது வேண்டாம். பூட்ஸை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். லாயத்துக்கு முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் போடுங்கள், குதிரையின் எடை 400, 500 கிலோ இருக்கும், அது வேண்டுமென்று மிதிப்பதில்லை, ஆனால் மிதிக்கும்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குதிரையின் குடலிலும் சர்வசாதாரணமாக இருக்கும், நீங்களோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். பெரிங், கிட்டாசாட்டோ என்ற இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1890இல் டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் எதிர்நஞ்சைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அப்புறம் அதைப் பெருமளவில் தயாரிக்கக் குதிரைகளைத்தான் பயன்படுத்தினார்கள். 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜிம் என்ற குதிரைக்கு டெட்டனஸ் வந்திருந்தது தெரியாமல் அதன் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்து 13 குழந்தைகள் இறந்தார்கள், மறுவருடமே இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. இப்போது விஷயம் எளிது: அடிப்படைத் தவணைகள் முடித்தவர்களுக்கு 10 வருடத்துக்கு ஒரு ஊசி, மண்ணோ லத்தியோ பட்ட காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தாலே இன்னொன்று. போட்ட தேதியை எழுதி வைக்காமல் ஒவ்வொரு கீறலுக்கும் ஊசிக்கு ஓடுவது நம் பழக்கம், எழுதி வையுங்கள். ரோஜா முள் குத்திய இடத்தில் ஆறாத கட்டி வந்து, அதிலிருந்து கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் கிளம்பினால் அது ஒருவகைப் பூஞ்சை நோய், சாதாரணக் களிம்புக்குக் கேட்காது, சில மாதம் மாத்திரை வேண்டும்.

முழங்காலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதில் தேய்மானம் இருக்கும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து களையெடுப்பது அதற்கு ஆகாது. தாழ்ந்த முக்காலியில் உட்காருங்கள், அல்லது பாத்திகளை இடுப்பு உயரத்துக்குக் கட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். ஒரு பெரிய வாளித் தண்ணீருக்குப் பதில் இரண்டு கையிலும் பாதிப் பாதி வாளி. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டால் மாத்திரையைவிட நின்று பலன் தரும். முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ நடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ காட்டுங்கள்.

கடைசியாக உங்கள் மகளின் பயம். அது நியாயமில்லாத பயம் என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் 1702இல் குதிரை இடறி விழுந்து, காறை எலும்பு முறிந்து, அடுத்த சில வாரங்களில் நுரையீரல் நோயில் இறந்தார். குதிரை இடறியது ஒரு அகழெலி தோண்டிய மண்மேட்டில் என்று சொல்வார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த எலிக்கு வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்களாம். டெல்லி சுல்தான் குத்புதீன் ஐபக் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1210இல் லாகூரில், போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சவாரி என்றால் ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம், ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். ஆனால் ஏறாமல் கீழே நின்று வேலை செய்யும்போதும் அடிபடும். நேர் பின்னால் குதிரைக்குக் கண் தெரியாது, குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகப் போங்கள், தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், தனியாக இருக்கும்போது போனைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தலையில் அடிபட்டபின் "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று வீட்டில் இருக்கக்கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதேசமயம் அவர் சொல்வதுபோல் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். உழைப்பு நின்றால் சர்க்கரை ஏறும், தொடைத் தசை கரையும், தசை கரைந்தவர் குதிரை இல்லாமலேயே குளியலறையில் விழுவார். 16 நாடுகளில் 65 வயதைக் கடந்த 93,000 பேருக்கு மேல் வைத்து ஆராய்ந்து 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவும் வாழ்க்கையில் திருப்தி அதிகமாகவும் இருந்தன. பொழுதுபோக்குதான் காரணம் என்று அதை வைத்தே அடித்துச் சொல்லிவிட முடியாது, உடம்பு நன்றாக இருப்பவர்தானே தோட்டத்துக்குப் போகிறார் என்றும் கேட்கலாம். ஆனால் பிடித்த வேலையைப் பிடுங்கிவிட்டால் ஒருவர் எப்படி ஆகிறார் என்பதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் அந்த யோசனைக்கு என் ஓட்டு இல்லை.

நுரையீரல் பரிசோதனை முடிவு வந்து, சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் உறுதியாகும்வரை சவாரியை நிறுத்தி வையுங்கள். குதிரையைத் தேய்த்துவிடுவது, கயிற்றில் பிடித்து நடத்துவது எல்லாம் திறந்த வெளியில் வைத்துச் செய்யலாம். லாயத்துக்குப் போன நாள், புல்கட்டு பிரித்த நேரம், காய்ச்சல் வந்த நேரம், அன்றைய சர்க்கரை அளவு, இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ நோட்டெல்லாம் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.