காற்று கிழக்கா, மேற்கா? கொலராடோ வசந்தம் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்துப் பக்கம் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்தும், அங்கேயே குடியிருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: ஏப்ரலில் டென்வரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். போனில் பார்த்தால் செவ்வாய் 22 டிகிரி, புதன் பனிப்பொழிவு என்று காட்டுகிறது. போன் கோளாறா?

பதில்: போன் சரியாகத்தான் இருக்கிறது, ஊர்தான் அப்படி. 2022 மே 19 அன்று அங்கே வெயில் 30 டிகிரியைத் தாண்டியது, மறுநாள் சாயங்காலம் பனி கொட்டியது. அதுவும் மே மாதத்தில்! மேற்கே 4,000 மீட்டருக்கு மேல் ராக்கி மலைகள், கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சமவெளி. வடக்கே கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றையும் தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வரும் ஈரக்காற்றையும் குறுக்கே நின்று தடுக்க அந்தச் சமவெளியில் ஒன்றுமே இல்லை, அதனால் வசந்தம் முழுக்க இரண்டும் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருக்கும். தடிமனான ஒரே கோட்டை நம்பிப் போகாமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலையில் பனி வெளுத்துக்கட்டும்போது டென்வரில் வெயில் அடிக்கிறது. சில நாள் நேர்மாறாக நகரம் பனியில் மூழ்குகிறது. என்ன கணக்கு இது?

பதில்: நல்ல கேள்வி. இது புரிந்துவிட்டால் அந்த ஊர் வானிலையில் பாதி புரிந்துவிடும்.

காற்று மேற்கிலிருந்து வந்தால் ஈரத்தையெல்லாம் மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டுபோய் இந்தப் பக்கம் இறங்கும். இறங்குகிற காற்று அமுங்கி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். சினூக் என்று பெயர். பனியைத் தின்கிற காற்று என்றும் சொல்வார்கள், காலையில் முற்றத்தில் கிடந்த பனி மதியம் பார்த்தால் ஈரத்தடம்கூட இல்லாமல் போயிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டும்போது இந்தப் பக்கம் வறண்ட காற்று வீசுகிறதே, அதே சங்கதிதான்.

இப்போது காற்றைத் திருப்புங்கள். கொலராடோவின் தென்கிழக்கு மூலையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்தால், அது தன்னைச் சுற்றி வளைகுடா ஈரத்தை இழுத்து, கிழக்கிலிருந்து மலையை நோக்கித் தள்ளும். தட்டையாகத் தெரிகிற அந்தச் சமவெளி உண்மையில் தட்டை இல்லை. கிழக்கே பக்கத்து மாநிலமான கான்சஸின் எல்லையில் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம், டென்வரில் 1,609 மீட்டர். கார் ஓட்டுகிறவருக்கு ஏற்றம் தெரியாது, காற்றுக்குத் தெரியும். ஏறி ஏறிக் குளிர்ந்து, கடைசியில் மலைச்சுவரில் முட்டி நின்று கொட்டித் தீர்க்கும். 2003 மார்ச் 17 முதல் 19 வரை இப்படித்தான் டென்வரில் 31.8 அங்குலம், அதாவது சுமார் 80 சென்டிமீட்டர் பனி விழுந்தது. ஆகவே போனில் மேகப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காற்றின் திசையைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று மாதக் கணிப்பில் ‘இயல்பைவிட அதிக மழைக்கு 40 சதவீதம்’ என்று போட்டிருக்கிறார்கள். 40 சதவீதம் கூடுதலாகப் பெய்யுமா?

பதில்: இல்லவே இல்லை. 1991 முதல் 2020 வரையிலான 30 வருடங்களை மழைக்குறைவு, நடுத்தரம், மழை அதிகம் என்று சமமாக மூன்று பங்கு போடுகிறார்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 40 என்றால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு பெய்யும், எந்த நாள் பெய்யும் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. அதை வைத்து விமான டிக்கெட்டை மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆலங்கட்டி மழைக்குக் காரை எப்போது உள்ளே விட வேண்டும்?

பதில்: மே, ஜூன் மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு முன்னால். மலைமேல் நண்பகல்வாக்கில் திரளும் இடிமேகம் பிற்பகலில் சமவெளிக்கு நகர்ந்து வரும். தரையே உயரத்தில் இருப்பதால் ஆலங்கட்டி உருகக்கூட நேரமில்லாமல் முழுசாக வந்து விழும். 2017 மே 8 அன்று ஒரே பிற்பகலில் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு சுமார் 230 கோடி டாலர்.

கேள்வி: வாடகைக் காரில் மலைக்குப் போகலாமா?

பதில்: போகலாம், டயரைப் பார்த்துவிட்டு. ஐ-70 நெடுஞ்சாலையில் மாரிசனிலிருந்து டாட்செரோ வரை செப்டம்பர் முதல் மே 31 வரை டயர் விதி உண்டு: பனிக்கேற்ற டயரோ, நான்கு சக்கர இயக்கமோ, டயரில் மாட்டுகிற சங்கிலி வண்டியிலோ இருக்க வேண்டும், டயர் பள்ளம் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் ஆழமாவது வேண்டும். கீழே அரைக்கை சட்டையோடு கிளம்பி, 3,400 மீட்டர் உயரத்து ஐசன்ஹவர் சுரங்கத்தின் வாயில் பனிச்சேற்றில் மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் ஏப்ரலில் நிறைய. நானும் ஒருமுறை விழித்திருக்கிறேன்.

கேள்வி: குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடியை எப்போது வெளியே வைக்கலாம்?

பதில்: மே இரண்டாம் ஞாயிறு, அங்கே அன்னையர் தினம், அது கழியட்டும் என்பது உள்ளூர்த் தோட்டக்காரர்களின் கணக்கு. 2022இல் அதற்குப் பிறகும் பனி விழுந்தது என்று மேலேயே பார்த்தோம். அதனால் தொட்டியைத் தரையில் புதைக்காமல், கையால் தூக்குகிற கனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் மரம் தளிர்த்த பிறகு ஈரப்பனி விழுந்தால் கிளை முறியும், துடைப்பக்கட்டையால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டி விடுங்கள். தொப்பி போட்டுக்கொண்டு தட்டுங்கள், அவ்வளவும் தலையில்தான் விழும்.