மரச்சீனி தின்ற காக்டெயிலும் கடைக்காரரின் சிவப்புச் சொட்டும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் இருக்கிறோம். வீட்டில் இரண்டு காக்டெயில் பறவைகள் (கொண்டை வைத்த சிறு கிளி வகை). பேத்தி தான் தின்பதையெல்லாம் அவற்றுக்கும் நீட்டுவாள். நான்கு நாள் முன்பு அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்தாள். மறுநாள் முதல் ஒன்றுக்கு எச்சம் தண்ணியாகப் போகிறது. வாங்கிய கடையில் கேட்டால், ‘மரச்சீனி விஷம், உடனே முறிக்கணும்’ என்று ஒரு சிவப்புச் சொட்டு மருந்து தந்தார். தண்ணீரில் கலந்து வைக்கிறோம். தொடரலாமா? இனி மரச்சீனியே கூடாதா?

பதில்: முதலில் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பது உண்மைதான். பச்சைக் கிழங்கிலும், அதைவிடத் தோலிலும் இலையிலும் இருக்கிறது. இலையைத் தின்ற ஆடு விழுந்து சாவதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த விஷம் நாலு நாள் காத்திருக்காது. தாக்கினால் சில நிமிடங்களில், மிஞ்சினால் சில மணி நேரத்தில் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். உங்கள் பறவை இன்றும் கம்பியில் உட்கார்ந்து கத்துகிறது என்றால் கிழங்கின் மேல் பழி போட வேண்டாம்.

எனக்குச் சந்தேகம் சிப்ஸ் மேல். ஒரு காக்டெயிலின் எடை 80 முதல் 100 கிராம். அது ஒன்றரை கிராம் சிப்ஸ் தின்றால், 60 கிலோ ஆள் ஒரே இருப்பில் ஒரு கிலோ தின்ற கணக்கு. அவ்வளவு உப்பும் எண்ணெயும். உப்பு ஏறினால் தாகம் எடுக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கும், சிறுநீரும் கூடும். கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்துப் பாருங்கள். எச்சத்தின் பச்சைப் பகுதி உருண்டு திரண்டு, சுற்றிலும் மட்டும் ஈரம் பரவியிருந்தால் அது வயிற்றுப்போக்கு இல்லை, சிறுநீர்தான். சிப்ஸை நிறுத்தினால் ஓரிரு நாளில் சரியாக வேண்டும். நான்கு நாளாகியும் நிற்காததால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்; பச்சைப் பகுதியே கரைந்து நாறினாலோ, பறவை இறகை உப்பிக்கொண்டு தூங்கினாலோ தள்ளிப்போடவே கூடாது.

இனி அந்தச் சொட்டு மருந்து. மரச்சீனி விஷத்தையோ வேறு எந்தத் தீனி விஷத்தையோ குடிதண்ணீரில் நாலு சொட்டு விட்டு முறிக்க முடியாது. புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா? இப்படி விற்கப்படுவதில் சில வெறும் சாயமும் வைட்டமினும். சில இன்னும் மோசம்; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஆன்டிபயாடிக்கை அளவில்லாமல் கரைத்து வைத்திருப்பார்கள். நிறமும் கசப்பும் இருந்தால் பறவை தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும். உப்புத் தின்ற பறவைக்கு அது ஆபத்து. இதைக் கேட்பார் இல்லை. மனிதருக்கான மருந்துக் கடைக்கு ஆயிரம் விதி, பக்கத்திலேயே கூண்டு விற்பவருக்கும் விதி உண்டு, ஆனால் ஏட்டில்தான். அதே ஆள்தான் நாளை பச்சைக்கிளியைக் காட்டி ‘லைசென்ஸ் நான் வாங்கித் தர்றேன்’ என்பார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். லைசென்ஸாவது ஒன்றாவது!

இன்னொன்று: விஷத்தை முறிக்கிறேன் என்று பாலோ தேங்காய் எண்ணெயோ அலகைத் திறந்து ஊற்றிவிடாதீர்கள். மூச்சுத் துளை நாக்கின் வேருக்குப் பின்னாலேயே இருக்கிறது. உள்ளே போனால் நேரே நுரையீரலுக்குத்தான்.

சரி, மரச்சீனி கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் எப்படி அவித்தது என்பதுதான் விஷயம். தோலை முழுக்கச் சீவி, சிறு துண்டாக வெட்டி, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டியிருக்க வேண்டும். விஷம் ஆவியாகவும் தண்ணீரோடும் போவது இப்படித்தான். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைத்தது பறவைக்கு வேண்டாம். சுட்ட கிழங்கு வேண்டாம். மரச்சீனி சிப்ஸ் கூடவே கூடாது. பச்சையாகச் சீவி எண்ணெயில் போடுவதால் விஷம் வடிந்து போக வழியில்லை, மேலே உப்பு வேறு. கசப்புக் கிழங்கு என்றால் எப்படி அவித்தாலும் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உப்பு போடுவதற்கு முன் எடுத்த துண்டு, கொண்டைக்கடலை அளவு, வாரம் ஒன்றிரண்டு முறை போதும். நேற்று அவித்துப் புளித்தது, மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டது, மீன் குழம்பு பட்டது எதுவும் ஆகாது. மரச்சீனியில் இருப்பது வெறும் மாவுச்சத்து, அதனால் வயிறு நிறையக் கொடுக்கவும் கூடாது. பேத்திக்கு ஆசையென்றால் முருங்கைக்கீரையோ மட்டி வாழைப்பழத்தில் ஒரு கிள்ளோ கொடுக்கட்டும்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது ஜூஸ் கடை பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. பழம், கொட்டை, இலை எல்லாமே இதயத்தைத் தாக்கும்; ஓரிரு நாளில் பறவை போய்விடும். சாக்லேட், காப்பி, தேயிலை, வெங்காயம், பூண்டு, கருவாடு எதுவும் வேண்டாம். நிலக்கடலையும் வேண்டாம். இரண்டு பருவமழை வாங்கும் மாவட்டம் இது, டப்பாவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலைத் தின்றுவிடும்.

கூண்டு அடுக்களைச் சார்ப்பில் தொங்குகிறதா? இன்றே மாற்றுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல் வெறுமனே காய்ந்து கருகினால் எழும் புகை, நமக்கு மணம்கூடத் தெரியாமல், பறவையை நின்ற இடத்தில் கொல்லும். கொசுவத்திச் சுருள், ரப்பர் ஷீட் புகைக்கூடம், ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட் நெடி, இவை பக்கத்திலும் கூண்டு இருக்கக் கூடாது.

காட்டுவது எங்கே என்பதுதான் நம் பக்கத்துச் சங்கடம். கால்நடை மருந்தகங்கள் பசுவுக்கும் ஆட்டுக்கும் என்று அமைந்தவை; கூண்டுப் பறவையைக் கொண்டுபோனால் சில இடங்களில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முதலில் அங்கேயே காட்டுங்கள், பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று கேளுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். காற்று போகும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, இதமான சூட்டில் கொண்டுபோங்கள். எச்சம் விழுந்த தாளையும், சிப்ஸ் பாக்கெட்டையும், முக்கியமாக அந்தச் சிவப்புப் புட்டியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.