பழைய டயரைக் கடலில் இறக்கலாமா?

கேள்வி: திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். தாத்தா காலத்தில் மரக்கிளை, தென்னை மட்டையைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டு மீன் சேர்ப்பார்களாம். இப்போது பையன்கள் பழைய டயர்களைப் போடலாம் என்கிறார்கள். பெரியவர்களுக்கு இஷ்டமில்லை. என்ன செய்வது?

பதில்: டயர் வேண்டவே வேண்டாம். 1972-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்கு அப்பால் சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டுகள் அற்றுப்போய், டயர்கள் நீரோட்டத்தில் உருண்டு பக்கத்திலிருந்த பவளப்பாறைகளையே சிதைத்தன. கடைசியில் ராணுவ முக்குளிப்போர் இறங்கி அள்ள வேண்டியதாயிற்று.

மட்டையும் கிளையும் அப்படியல்ல. பாசி பிடிக்கும், பொடிமீன் ஒதுங்கும், கணவாய் வந்து குலைகுலையாய் முட்டை ஒட்டும், பிறகு மட்கிவிடும். ஆனால் அதிலும் ஒரு வினை உண்டு. முட்டையிட வந்த கணவாயை அங்கேயே வளைத்துப் பிடித்தால் அடுத்த பருவத்துக்கு ஏது கணவாய்?

நிலையாக வேண்டுமென்றால் சிமெண்ட் பார்தான் வழி. அதாவது, மீன் ஒதுங்கச் சிமெண்டில் வார்த்துக் கடலடியில் இறக்கும் செயற்கைப் பாறை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் கரையில் பல ஊர்களுக்கு இதைச் செய்திருக்கிறது. தூத்துக்குடியிலேயே அவர்கள் நிலையம் இருக்கிறது. ஊர்க் கமிட்டி பெயரில் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கு மனு கொடுங்கள். அனுமதி இல்லாமல் நீங்களாக எதையும் இறக்க வேண்டாம்.

இடம் பார்க்கும்போது பெரியவர்களைப் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாதா கோயில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் நேர்பிடித்து அவர்கள் காட்டும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். ஈயக்குண்டின் அடியில் கிரீஸ் தடவி அங்கே இறக்கிப் பாருங்கள். கெட்டி மணல் ஒட்டினால் நல்லது. சேறு வந்தால் அந்த இடத்தை விடுங்கள், சிமெண்ட் புதைந்துபோகும். பாறையோ கடல் தாழையோ (கடலடியில் வளரும் புல்) இருக்கும் இடத்தில் போடவே கூடாது. அங்கே ஏற்கெனவே மீனுக்கு வீடு இருக்கிறது.

என் அனுபவத்தில் சிக்கல் சிமெண்டில் வருவதில்லை, பங்கில்தான் வரும். பார் மீனை ஒரே இடத்தில் கூட்டுகிறது. கூடியதைப் பத்தே நாளில் அள்ளிவிடவும் முடியும். பாரில் வலை கிழியும் என்பதால் தாத்தாக்கள் தூண்டிலோடு போனார்கள். கலவாயும் விளமீனும் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அதையே இப்போது கட்டுப்பாடாக்குங்கள்: தூண்டில் மட்டும், கணவாய் முட்டையிடும் நாட்களில் அதுவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்து உட்கார வைத்துப் பேசாவிட்டால் முதல் சண்டை அவர்களோடுதான். கூட்டத் தீர்மானத்தின் நகலை மனுவோடு இணையுங்கள். விசைப்படகு கரையோரம் வந்து வலை இழுத்தால், 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி புகார் கொடுக்கலாம்.

பார் இறங்கும் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். அந்த இடத்தில் எந்த வள்ளம், எந்த நாள், என்ன மீன், எத்தனை கிலோ என்று ஒரு வருஷம் எழுதுங்கள். பையன்களிடம் டயருக்குப் பதில் அந்த வேலையைக் கொடுங்கள்.