போயாவுக்கு மறுநாள் நிலவு எங்கே போனது?

கேள்வி: லண்டனில் இருந்து அக்காவின் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆனிப் போயா (பூரணை விடுமுறை) அன்று பெரியவனை மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஆறரைக்குச் சற்று முன்பே நிலவு கடலுக்குள்ளிருந்து எழும்பியது. மறுநாள் சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஏழு மணி வரை இருந்தோம். வானம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் நிலவைக் காணவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள். பங்குனியில் நான் பார்த்தபோது நிலவு இவ்வளவு வலப்பக்கமாக வரவும் இல்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? – கல்லடி வாசகி

பதில்:

சகோதரி, இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடம் இருந்திருந்தால் கண்டிருப்பீர்கள். நிலவு ஒரு நாளும் முதல்நாள் நேரத்துக்கு வராது. சராசரியாக 50 நிமிடம் பிந்தும். நம் ஊரில் அது பெரும்பாலும் முக்கால் மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில் இருக்கும். ஆனிப் பூரணையை ஒட்டிய நாட்களில் பிந்துவது கொஞ்சம் கூட.

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேரடியில் தொடங்கி நீங்கள் வீதியை ஒரு சுற்று நடந்து வருகிறீர்கள். அதற்குள் தேர் கொஞ்சம் முன்னே போயிருக்கும், அதை எட்ட இன்னும் சில அடி நடக்க வேண்டும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் வழியில் கிழக்கே 13 பாகை நகர்ந்துவிடுகிறது. அதை எட்ட எடுக்கும் நேரம்தான் இந்தப் பிந்தல். இந்த நகர்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிலவுக்குப் பக்கத்தில் ஒரு விண்மீனைக் குறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள், நிலவு தன் அகலத்தளவு தள்ளிப்போயிருக்கும்.

இதற்கு நம்மிடம் நல்ல கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நிலவின் ஒரு சுற்றுக்கு 30 திதி. பங்கிட்டால் திதிக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். தொலைபேசி இல்லாமலே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம். பூரணைக்கு மூன்றாம் நாள் என்றால் ஆறு நாழிகை, ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் பிந்தி, எட்டே முக்கால், ஒன்பது போல வரும். தேய்பிறை அட்டமியில் நடுச்சாமம். அமாவாசையில் நிலவு சூரியனோடு சேர்ந்தே எழுந்து சேர்ந்தே விழுவதால் கண்ணுக்கு அகப்படாது.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூரணை என்பது ஒரு முழு நாள் அல்ல, நிலவு சூரியனுக்கு நேரெதிரே வந்து நிற்கும் ஒரு கணம். பஞ்சாங்கத்தில் பூரணைத் திதி முடியும் நேரம் என்று போட்டிருப்பதுதான் அந்தக் கணம். அது பொழுதுபடும் நேரத்தை ஒட்டி விழுந்தால் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலவு எழும்பும். காலை ஆறு மணிக்கே திதி முடிந்துவிட்டதா, அன்று மாலை நிலவு பொழுதுபட்டு 24 நிமிடம் கழித்து வரும். மணித்தியாலத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விடியத்தான் முடிகிறது என்றால் வெளிச்சம் இருக்கும்போதே நிலவு வெளிறிப்போய் எழுந்துவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட அது அவ்வளவு சுவை இல்லை. மட்டக்களப்பில் பொழுதுபடுவது ஆண்டு முழுக்க மாலை 5.40க்கும் 6.25க்கும் இடையில்தான். ஆகவே போயா நாளைவிடத் திதி முடியும் நேரத்தைப் பார்த்துப் புறப்படுவதே நல்லது.

இனி, வலப்பக்கம் போன கதை. பூரணை நிலவு சூரியனுக்கு எதிரே நிற்பது. ஆனியில் சூரியன் வடக்கே ஏறி நிற்க, நிலவு தெற்கே கேட்டை, மூலம் பக்கம் நிற்கும். மார்கழியில் சூரியன் தெற்கே, நிலவு வடக்கே திருவாதிரைப் பக்கம். தைப்பூசத்திலும் நிலவு இடப்பக்கமாகவே எழும். பங்குனிப் பூரணை கிட்டத்தட்ட நேர்கிழக்கில். நீங்கள் கண்டது இந்த வேறுபாட்டைத்தான். சூரியன் ஆறு மாதத்தில் போகும் தூரத்தை நிலவு இரண்டு கிழமையில் போய்விடுகிறது. போதாக்குறைக்கு அதன் பாதை 5 பாகை சரிந்தும் இருக்கிறது. அதனால் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை அது வழக்கத்தைவிடத் தெற்கேயும் வடக்கேயும் எட்டிப் போகும். 2006இல் அப்படி, பிறகு 2024, 2025இல்.

நம் கரையின் கிடப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லடியில் கடலுக்கு நேர்முகமாக நின்றால் நீங்கள் பார்ப்பது நேர்கிழக்கு அல்ல, சற்று வடகிழக்கு. ஆகவே மார்கழி நிலவுதான் முகத்துக்கு நேரே எழும். ஆனி நிலவைக் காண உடம்பைக் காத்தான்குடிப் பக்கமாகத் திருப்ப வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டி அகலம் 10 பாகை. நேர்கிழக்கிலிருந்து வலப்பக்கம் இரண்டரை, மூன்று முட்டி அளந்தால் ஆனி நிலவு எழும் இடம் வந்துவிடும். மார்கழியில் அதே அளவு இடப்பக்கம். என்ன செய்ய, முகத்துக்கு நேரே எழும் அந்த நிலவைப் பெரும்பாலும் வாடைமழை மறைத்துவிடும். மாசியிலிருந்து புரட்டாதி வரை நம்பிப் போகலாம்.

பெரியவன் இன்னொன்றையும் கேட்கக்கூடும்: லண்டனில் நிமிர்ந்து நிற்கும் பிறை இங்கே ஏன் தோணிபோல மல்லாந்து கிடக்கிறது? நாம் இருப்பது பூமியின் நடுக்கோட்டுக்கு 8 பாகைக்குள். இங்கே சூரியனும் நிலவும் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த சூரியன் பிறைக்கு நேர்கீழே இருக்கும். ஒளி கீழ்ப்பக்கத்தில் படும். 51 பாகைக்கு மேலே இருக்கிற லண்டனில் அவை சரிந்து இறங்கும், ஒளி பக்கவாட்டில் படும். இங்கேயும் புரட்டாதிப் பிறையில் வடகோடு (வடக்குப் பக்க முனை) உயர்ந்திருக்கும், பங்குனியில் பொதுவாகத் தென்கோடு சற்று உயரும். அதைப் பார்த்து மழைக்கும் விலைக்கும் குறி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பருவத்தால் வரும் சரிவு, வேறொன்றும் இல்லை.

கடலில் எழும்போது நிலவு பெரிதாகத் தெரிவது நம் மனம் செய்யும் வேலை. நீட்டிய கையின் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், எழும்போதும் மறையும், உச்சியிலும் மறையும்.

அழுத பிள்ளைகளுக்கு அடுத்த போயா வரை, 29 அல்லது 30 நாள், பொறுக்க முடியாவிட்டால் நாளை விடியக் கூட்டிப்போங்கள். நம் முன்னோர் மட்டக்களப்பு வாவியின் கிழக்கை எழுவான்கரை என்றும் மேற்கைப் படுவான்கரை என்றும் பெயர் வைத்தார்கள். எழுவானில் தவறவிட்ட நிலவைப் படுவானில் பிடிக்கலாம். போயா கழிந்து ஒன்றிரண்டு நாளுக்குள் என்றால் காலை ஐந்தரைக்குப் பழைய கல்லடிப் பாலத்தில் நின்று தென்மேற்கே பாருங்கள், நிலவு வாவிக்கு மேலே இருக்கும். இரண்டாம் நாள் என்றால் இன்னும் கொஞ்சம் உயரத்தில் நிற்கும், அவசரம் இல்லை.