குறுகிய இடத்தில் வேலை செய்யச் சிறிய ராட்செட்-பிட் செட் தேவைதானா, நல்ல திருப்புளி ஒன்று போதாதா?

கையடக்க ராட்செட்டும் பிட்டுகளும் அடங்கிய பெட்டி வெறும் பொம்மைதானே, நல்ல திருப்புளி ஒன்று இருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ராட்செட் என்பது ஒரு பக்கம் திருப்பும்போது திருகாணியைத் திருப்பி, மறுபக்கம் கிளிக் கிளிக் என்று சும்மா திரும்பும் கைப்பிடி; பிட் என்பது அதில் மாற்றி மாற்றி மாட்டும் சிறு திருப்புளி நுனி. பொம்மை என்ற அந்தச் சொல்லுக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். எனக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்த தாய்மாமா, நான் முதல் செட்டை வாங்கி வந்த அன்று இதே சொல்லைத்தான் சொன்னார். அவர் மீது எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் அவர் வேலை செய்த காலத்து அலமாரிகளுக்குள் ஓர் ஆள் தோள் வரை நுழைந்து திருகாணியை முடுக்க முடிந்தது. நான் கோவையில் மாடுலர் கிச்சன் பொருத்தும் வேலையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன், எனக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நீங்கள் சொந்த வீட்டில் சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்குமாடி வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பாட்டில் இழுப்பறை பாதியில் நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். அதன் வெளியகலம் 150 மி.மீ. இரண்டு பக்கமும் 18 மி.மீ. ப்ளைவுட் போக, உள்ளே மிஞ்சுவது 114 மி.மீ. கூடையைக் கழற்றிப் பார்த்தபோது கீழ்ச் சேனலின், அதாவது இழுப்பறை ஓடும் உலோகத் தண்டவாளத்தின், குண்டுகள் உதிர்ந்து கிடந்தன. சேனலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாகச் செய்யும்போது இது ஒரு வேலையே அல்ல, ஏனென்றால் பலகைகளைப் பெட்டியாகப் பூட்டுவதற்கு முன்பே சேனலைத் தரையில் வைத்து முடுக்கிவிடுவோம். இங்கோ பெட்டியின் மேல் கிரானைட் பலகை சிலிக்கோன் போட்டு ஒட்டப்பட்டிருந்தது, பக்கத்துப் பெட்டிகளும் இதனோடு பூட்டப்பட்டிருந்தன. சேனலைப் பக்கப் பலகையோடு பிடித்திருந்த மூன்று திருகாணிகளில் கடைசி, முகப்பிலிருந்து 45 செ.மீ. உள்ளே இருந்தது.

என் ஆறு அங்குலத் திருப்புளி, கைப்பிடியோடு சேர்த்து 25 செ.மீ. நீளம். அது அந்த அகலத்துக்குள் குறுக்காகத் திரும்பவே திரும்பாது. டிரில் மெஷினும் அப்படித்தான். நீளம் குறைந்த கட்டைத் திருப்புளி உள்ளே போனது. முதல் இரண்டு திருகாணிகளும் அதனால்தான் வந்தன. மூன்றாவதற்குக் கையை முழங்கை வரை நுழைத்த பிறகு, திருப்புளியை அழுத்தவும் திருப்பவும் உள்ளங்கைக்கு இடமில்லை. திருப்புளி நுனி சாய்ந்து, வழுக்கி, திருகாணித் தலையைத் தின்றுவிட்டது. வளையும் தண்டு ஒன்றைப் பிட்டோடு மாட்டிப் பார்த்தேன். தண்டு முறுக்கிக்கொண்டதே தவிர திருகாணி அசையவில்லை. அந்த வீட்டு அம்மா அருகில் நின்று, "தம்பி, பெட்டியையே உடைக்க வேண்டியிருக்குமா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று மாலையே, என் ஒரு நாள் கூலியைவிடக் கூடுதலாகக் கொடுத்து ராட்செட்-பிட் செட் ஒன்றை வாங்கினேன். கடையில் நின்று மூன்று விஷயங்களைப் பார்த்தேன்; நீங்களும் பெட்டிக்குள் எத்தனை பிட்டுகள் என்று எண்ணுவதற்குப் பதிலாக இவற்றைப் பாருங்கள். முதலாவது, பிட்டை மாட்டிய பிறகு ராட்செட்டின் முதுகிலிருந்து பிட் நுனி வரை உள்ள உயரம். என்னுடையதில் 25 மி.மீ. நீளப் பிட்டை மாட்டினால் மொத்தம் 35 மி.மீ.தான். இரண்டாவது, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் பற்கள். 24 பற்கள் என்றால் ஒரு பல் தாண்ட 15 பாகை திருப்ப வேண்டும், 72 பற்கள் என்றால் 5 பாகை போதும். 10 செ.மீ. கைப்பிடியின் முனையில் இது முறையே 26 மி.மீ., 9 மி.மீ. நகர்வாகும். கை முழுவதும் உள்ளே போய், மணிக்கட்டை மடக்க வழியில்லாமல், விரல்களை மட்டும் ஒன்றரை செ.மீ. அசைக்க முடிகிற நிலையில், முதல் வகை ராட்செட் ஒரு பல்கூடத் தாண்டாது. 24 பல் ராட்செட் மோசமானது என்று நான் சொல்லவில்லை. திறந்த இடத்தில் அது நன்றாகவே உழைக்கும்.

மூன்றாவதில்தான் என் சொந்தத் தவறும் இருந்தது. நாம் எல்லாவற்றையும் ஸ்டார் திருகாணி என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். அலமாரிக் கீல்களிலும் சேனல்களிலும் பல நேரம் வருவது போசிடிரைவ் என்ற வகை. கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். என் கட்டைத் திருப்புளியோ அந்தக் கோடுகள் இல்லாத தலைக்கான பிலிப்ஸ் வகை. பிலிப்ஸ் நுனி அந்தத் தலைக்குள் உட்கார்ந்ததுபோல் தோன்றும், ஆனால் பக்கச் சுவர்களை முழுமையாகப் பற்றாது. செட்டில் பிஇசட் 2 (PZ2, போசிடிரைவ் இரண்டாம் அளவு) என்று பொறித்த பிட் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

மறுநாள் அந்தப் பிட்டை மாட்டி வைத்தும், மழுங்கிய தலையில் அது நிற்க நல்ல அழுத்தம் தேவைப்பட்டது. கட்டைவிரலால் அவ்வளவு அழுத்த முடியவில்லை. அப்போதுதான் எதிர்ப்பலகையையே துணைக்கு எடுத்துக்கொண்டேன். ராட்செட்டின் முதுகுக்கும் எதிர்ப்பலகைக்கும் நடுவே ஏழரை செ.மீ. அளவு இடைவெளி இருந்தது. நான்கு ப்ளைவுட் துண்டுகளை அடுக்கினால் 72 மி.மீ. ஆகிறது; மீதத்துக்கு ஒரு மெல்லிய ஆப்பும், ராட்செட் வழுக்கித் திரும்புவதற்காக மைகாத் துண்டு ஒன்றும் வைத்து இறுக்கினேன். பிட் பின்வாங்க இடமே இல்லை. கைப்பிடியை விரல்களால் மெல்ல அசைத்தேன். நாலைந்து கிளிக்குகளில் திருகாணி இளகியது. உடனே அடுக்கை உருவிவிட்டு மிச்சத்தைக் கழற்றினேன். இளகிய பிறகு ராட்செட் பின்னால் வரும்போது திருகாணியும் கூடவே திரும்பும், கிளிக் கேட்காது. பலர் அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறார்கள். அந்த நேரத்தில் பிட்டை விரலால் பிடித்து உருட்டினால் போதும்.

இதைப் படிக்கும் மூத்த மெக்கானிக்குகள், இந்தச் சிறு ராட்செட் துருப்பிடித்த போல்ட்டில் தாங்காது என்று எழுதக்கூடும். அது உண்மைதான். அதன் கைப்பிடியில் குழாய் செருகி நெம்பினால் உள்ளே பற்கள் நொறுங்கும். சிங்க்குக் குழாயின் அடி நட்டுக்கும் இது உதவாது, அதற்கு நீண்ட தண்டுடைய தனிச் சாவி இருக்கிறது. திருப்புளியைத் தூக்கி எறியுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. என் வேலையில் பத்தில் எட்டுத் திருகாணிகளை இன்றும் திருப்புளியிலும் டிரில்லிலும்தான் முடுக்குகிறேன்.

ஆனால் வரைபடம் போடுபவர்களிடம் எனக்குள்ள ஆற்றாமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணினித் திரையில் மிச்சம் விழும் 150 மி.மீ. இடத்தில் இழுப்பறையை வரைந்துவிடுகிறார்கள். அதன் சேனல் ஒருநாள் தேயும், அன்று ஒரு மனிதனின் கை உள்ளே போக வேண்டும் என்பதை எந்த வரைபடத்திலும் நான் கண்டதில்லை. அன்று புதிய சேனல் உத்தரவாதத்தில் இலவசமாக வந்தது. என் இரண்டு நாள் உழைப்பு எந்த உத்தரவாதத்திலும் அடங்கவில்லை. அந்த அம்மாதான் தாமாக முன்வந்து இரண்டாம் நாள் கூலியையும் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் இழுப்பறை இருந்தால், கடைக்குப் போகும் முன் கூடையைக் கழற்றி, உள்ளகலத்தை அளந்து, திருகாணித் தலையை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் அந்த நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் பிஇசட் 2 வாங்குங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் பிலிப்ஸ் திருப்புளியை அதில் வைத்துவிடாதீர்கள்.