தை மாதம், எந்த ருத்ரோத்காரி?

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. எம்.ஏ. வரலாறு முடித்த மகள் வங்கித் தேர்வை விட்டுவிட்டு, பல்கலைக்கழக நூலகத்தில் அரிய சேகரங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால், 'தூசு தட்டும் வேலை' என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்றைவிடாமல் சேர்த்தார். அவர் மறைந்தபின் 1994-இல் அந்தச் சேகரத்தை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்ததுதான் அழகு.

இப்படி வரும் தாள்களை அட்டவணைப்படுத்துவதில்தான் உங்கள் மகளுக்கு வேலை. ஒரு நோட்டீஸில் 'ருத்ரோத்காரி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்புமே, இது 1864-ஆ, 1924-ஆ? அச்சகத்தின் பெயர், எழுத்துரு, தாள், டிக்கெட் விலை எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். தப்பாகப் பதிந்தால் அதைத் தேடி வரும் ஆய்வாளர் கண்ணில் அது படவே படாது. வரலாறு படித்தவளுக்கு இங்கே மதிப்பு உண்டு.

இனி வருமானம். ஒளிக்காமல் சொல்கிறேன்: நிரந்தர இடங்கள் குறைவு, பழைய தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் மின்னாக்கத் திட்டங்களில் ஒப்பந்தப் பணிதான் அதிகம். வெறும் எம்.ஏ. வரலாற்றை வைத்துப் பல்கலைக்கழகத்தில் உதவி நூலகர் ஆக முடியாது. நூலக அறிவியலில் முதுகலையும் 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். ஆவணக் காப்பகம்தான் இலக்கு என்றால் தில்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு டிப்ளமா இருக்கிறது. நான் முதலாவதையே சொல்வேன், கதவுகள் கூடுதலாகத் திறக்கும். வங்கித் தேர்வு எங்கும் ஓடிவிடாது, ஐ.பி.பி.எஸ். அதிகாரி தேர்வுக்குப் பொதுப்பிரிவினருக்கே 30 வயது வரை இடமுண்டு.

அவளுக்கு இழுப்பு, தூசு ஒவ்வாமை ஏதாவது உண்டா? இதை யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன்.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பரணில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். வாசித்து, நாள் கணக்கிட்டு, ஒரு பக்கம் குறிப்பு எழுதட்டும். அரைமணியில் கொட்டாவி விட்டால் வங்கித் தேர்வுப் புத்தகத்தை நானே வாங்கித் தருகிறேன்.